விளம்பரத்துக்கு முன்பே வந்த கூட்டம்: தென்காசியின் 'அரட்டை' ஆப் எகிறியது எப்படி, இறங்கியது ஏன்?

2025 அக்டோபர் தொடக்கம். தென்காசி ஜோஹோ அலுவலகத்தில் 'அரட்டை' ஆப்பின் பொறியாளர்களோடு ஸ்ரீதர் வேம்பு பேசிக்கொண்டிருந்தார். குழுவில் ஒருவர் செல்போனை நீட்டினார். தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, அரட்டையை டவுன்லோடு செய்துவிட்டதாகவும் அதில் பெருமைப்படுவதாகவும் எக்ஸ் தளத்தில் பதிவு போட்டிருந்தார். இந்தக் காட்சியை வேம்புவே தன் நன்றிப் பதிவில் சொல்லியிருக்கிறார்.

காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்காத விளம்பரம் அது. ஆனால் அடுத்த மாதமே, ஆப் ஸ்டோர் பட்டியல்களின் முதல் 100 இடங்களில் அரட்டை இல்லை என்று செய்திகள் வந்தன. இவ்வளவு வேகமாக ஏறியது எப்படி? அதே வேகத்தில் இறங்கியது ஏன்? சமூக வலைதளத்தை நம்பி பிராண்டு வளர்க்க நினைக்கிற எல்லோருக்கும், குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருப்பவர் உட்பட, இதில் விஷயம் இருக்கு.

அரட்டை எங்கிருந்து வந்தது?

ஜோஹோ 1996-ல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் தொடங்கியது. 2009-ல்தான் ஜோஹோ என்று பெயர் மாறியது. வெளி முதலீட்டாளர் யாரும் இல்லாமல் வளர்ந்த நிறுவனம். 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஒரு கிளை திறந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியா என்று அப்போது ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு. இன்று அது அந்தப் பகுதிக்கே ஓர் அடையாளம்.

அரட்டை 2025-ல் முளைத்த ஆப் இல்லை. 2021 ஜனவரியிலேயே வந்துவிட்டது. வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப் போவதாக அறிவித்து, உலகம் முழுக்க மக்கள் கோபப்பட்ட நேரம் அது. ஆனால் அந்த அலையில் ஏறியது சிக்னல். 'சிக்னல் பயன்படுத்துங்கள்' என்ற பொருளில் எலான் மஸ்க் போட்ட ஒரு வரிப் பதிவே போதுமாக இருந்தது. அரட்டை பெரும்பாலானோர் கண்ணில் படாமல் நாலரை வருஷம் கிடந்தது.

மூன்று நாளில் 100 மடங்கு

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதத்துக்குப் போனது. செப்டம்பர் 21-ல் பிரதமர் மோடி நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் சுதேசிப் பொருட்களை வாங்கச் சொன்னார். மறுநாள் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், தன் அலுவலக ஆவணங்களுக்கு ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார். அதே வாரத்தில் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் அரட்டையைப் பயன்படுத்தச் சொல்லிப் பதிவு போட்டார்.

அதன் பிறகு நடந்ததை வேம்பு எண்களில் சொன்னார். ஒரு நாளைக்கு 3,000 பேர் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் 3,50,000 பேர். மூன்றே நாளில் 100 மடங்கு.

கூடவே அவர் சொன்ன இன்னொரு தகவல்தான் முக்கியம். கூடுதல் வசதிகள், கூடுதல் சர்வர்கள், மார்க்கெட்டிங் என எல்லாவற்றையும் நவம்பருக்குத்தான் திட்டமிட்டிருந்தார்கள். விளம்பரம் தொடங்கும் முன்பே கூட்டம் வந்துவிட்டது. சேர வந்தவர்களில் பலர் ஓடிபி வராமல் காத்துக் கிடந்தார்கள். கல்யாண வீட்டில் இலை போடும் முன்பே பந்தி நிறைந்த கதை.

விளம்பரத் துறையில் இதற்கு 'மொமென்ட் மார்க்கெட்டிங்' என்று பெயர். ஊர் எதைப் பேசுகிறதோ அதோடு பிராண்டையும் ஒட்டிவிடுவது. புதுசு ஒன்றும் இல்லை. அமுல் சிறுமி 1960-களிலிருந்து அன்றன்றைய செய்தியை வைத்து வெண்ணெய் விற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரு வித்தியாசம் உண்டு. அமுல் எப்போது பேசுவது என்பதை அமுலே முடிவு செய்கிறது. அரட்டைக்கு அந்த நேரத்தை வெளியாட்கள் முடிவு செய்தார்கள்.

பெயரே விளம்பரம் ஆனது எப்படி?

'அரட்டை அடிக்காதே, படி' என்று திட்டு வாங்காத தமிழ்ப் பிள்ளை கிடையாது. அந்தச் சொல்லையே ஒரு ஆப்புக்குப் பெயராக வைத்ததில் ஒரு குறும்பு இருக்கு. தமிழர்களுக்கு விளக்கமே தேவையில்லை; இது எதற்கான ஆப் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

வடக்கே கதை வேறு. இதை எப்படி உச்சரிப்பது, அர்த்தம் என்ன, பெயரை மாற்றினால் என்ன என்று சமூக வலைதளத்தில் விவாதம் ஓடியது. அந்த விவாதமும் ஆப்புக்கு இலவச விளம்பரமாகவே வேலை செய்தது. பெயரைப் பற்றிச் சண்டை போடுகிறவரும் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

இப்படி இன்னொரு இந்திய ஆப்புக்கும் நடந்தது. 'கூ' ஆப் 2022-ல் பிரேசிலில் திடீரென்று பிரபலமானது. காரணம், போர்ச்சுகீசிய மொழியில் அந்த ஒலிக்கு ஒரு கொச்சை அர்த்தம் உண்டு. சிரித்துக்கொண்டே டவுன்லோடு செய்தார்கள்.

நிறுவனரே பிராண்டு

வேட்டி, சைக்கிள், தென்காசி கிராம வாழ்க்கை. வேம்புவின் எக்ஸ் பதிவுகளைப் பின்தொடர்கிறவர்களுக்கு இந்தப் படங்கள் பழக்கம். கம்பெனி கணக்கிலிருந்து வரும் பதிவை விட, நிறுவனர் தானே எழுதும் பதிவை மக்கள் நம்புகிறார்கள் என்பது இப்போது உலகம் முழுக்க ஓடும் டிரெண்டு.

அதற்கு விலையும் உண்டு. நிறுவனர் அரசியல், மொழி, மருத்துவம் என்று எது பேசினாலும் அது ஆப்பின் தலையில் விழும். பிடித்தவர்கள் பெருமையோடு டவுன்லோடு செய்வார்கள். பிடிக்காதவர்கள் ஆப்பைத் திறந்து பார்க்காமலே தள்ளிவிடுவார்கள். சுதேசி அலையிலும் இதே சிக்கல்தான். 'அப்படின்னா டேட்டா எங்கே இருக்கு?' என்ற கேள்வி உடனே வந்தது. இந்திய வாடிக்கையாளர்களின் டேட்டா இந்தியாவில்தான் இருக்கிறது, வெளிநாட்டு கிளவுட் நிறுவனங்களில் இல்லை என்று ஜோஹோ விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஏன் இறங்கியது?

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒரு மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்கள் சாமான் லிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பிள்ளையின் பள்ளி குரூப், சீட்டு குரூப், சொந்தக்காரர்கள் குரூப் எல்லாமே அங்கேதான். இவர் ஊர்ப் பாசத்தில் அரட்டையை இன்ஸ்டால் செய்கிறார். ரெண்டு நாள் பார்க்கிறார். லிஸ்ட் அனுப்ப யாரும் அங்கே வரவில்லை. மறுபடி வாட்ஸ்அப்பையே திறக்கிறார். அரட்டையை அவர் அழிக்கவில்லை, மறந்துவிட்டார்.

இதைத்தான் 'நெட்வொர்க் விளைவு' என்கிறார்கள். ஒரு சோப்பு பிடித்தால் நான் மட்டும் மாறிக்கொள்ளலாம். மெசேஜ் ஆப்பை மாற்ற வேண்டும் என்றால் என்னோடு பேசுகிற அத்தனை பேரும் மாற வேண்டும். இந்தியாவில் வாட்ஸ்அப்புக்கு 50 கோடிக்கும் மேல் பயனர்கள் இருக்கிறார்கள். விளம்பரம் டவுன்லோடு வரைக்கும்தான் கூட்டி வரும்.

இன்னொரு காரணம், ஆப்பிலேயே இருந்த குறை. கூட்டம் வந்த நேரத்தில் வாய்ஸ், வீடியோ அழைப்புகளுக்கு மட்டுமே முழு என்கிரிப்ஷன் இருந்தது. எழுத்து மெசேஜ்களுக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் அது 2016 முதலே இருக்கு. தனிப்பட்ட சாட்களுக்கு நவம்பரில் அரட்டை அந்த வசதியைக் கொண்டுவந்தது. அதற்குள் முதல் அலை போய்விட்டது. குறைந்த வேக இன்டர்நெட்டிலும் ஓடுவது, ஆண்ட்ராய்டு டிவியில் பார்ப்பது, சொந்தக் குறிப்புகளைச் சேமிக்கும் 'பாக்கெட்' என நல்ல வசதிகளும் இருந்தன. பேச்சு முழுக்க 'இந்திய ஆப்' என்பதிலேயே நின்றதால் இவை பலருக்குத் தெரியவே இல்லை.

முன்பும் நடந்ததா?

நடந்தது. 2012-ல் வந்த 'ஹைக்' மெசஞ்சர் இளைஞர்களிடம் ஸ்டிக்கர்களுக்காகவே பிரபலமாகி, 10 கோடி பயனர்களைத் தொட்டதாக 2016-ல் அறிவித்தது. 2021 ஜனவரியில் மூடப்பட்டது. ட்விட்டருக்கும் மத்திய அரசுக்கும் 2021-ல் மோதல் வந்தபோது அமைச்சர்கள் 'கூ'வுக்குப் போனார்கள். 2024 ஜூலையில் அதுவும் மூடப்பட்டது. அரட்டைக்கு இவர்களிடம் இல்லாத ஒரு பலம் உண்டு: முதலீட்டாளர்களின் பணத்தை நம்பி அது ஓடவில்லை. ஜோஹோவின் மற்ற மென்பொருட்கள் சம்பாதிக்கின்றன. அதனால் பட்டியலில் இறங்கியதை வைத்து ஆப்பே முடிந்தது என்று சொல்ல முடியாது.

சின்னக் கடைக்கு இதில் என்ன இருக்கு?

குற்றாலம் சீசனில் ஒரு ரீல்ஸ் வைரலானால் கடை வாசலில் கார்கள் நிற்கும். பரோட்டா தீர்ந்துபோகும், காத்திருந்தவர்கள் கடுப்பாகி மோசமான ரிவ்யூ போடுவார்கள். 100 பேருக்கு மேல் சமாளிக்க முடியாத கடை, 1,000 பேரைக் கூப்பிடும் ரீல்ஸுக்குக் காசு கொடுப்பது ஆபத்து. மாவும் ஆளும் தயாரான பிறகு வீடியோ எடுப்பது நல்லது. வீடியோ பார்த்து வந்தவர் மறுபடி வர ஒரு காரணமும் வேண்டும். வாட்ஸ்அப்பில் சேமித்த ஒரு நம்பர், வீட்டுக்கு அனுப்பும் பார்சல் வசதி என அது எதுவாகவும் இருக்கலாம்.

அடுத்து என்ன?

பூட்டு எங்கே இருக்கிறது என்பது வேம்புவுக்கும் தெரிந்தேயிருந்தது. 2025 செப்டம்பர் இறுதியிலேயே அவர் ஒரு யோசனையை முன்வைத்தார். யுபிஐயில் எந்த ஆப்பிலிருந்தும் எந்த ஆப்புக்கும் பணம் அனுப்புவது போல, ஒரு மெசேஜ் ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கும் பேச முடிய வேண்டும் என்றார். அப்படி நடந்தால் நம்ம மளிகைக் கடைக்காரர் அரட்டையிலேயே இருந்துகொண்டு வாட்ஸ்அப் லிஸ்ட்டை வாங்கலாம். ஐரோப்பிய யூனியனில் டிஜிட்டல் சந்தைச் சட்டம் இதற்காக வாட்ஸ்அப்பைக் கதவு திறக்க வைக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை.