'டேம்ப்': ஈரத்துக்கு முன்னால் விஷம்

மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த துணி, ஓதம் ஏறிய சுவர்... இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் 'டேம்ப்' என்பார்கள். 'வெட்' என்றால் நன்றாக நனைந்தது, 'டேம்ப்' என்றால் லேசான ஈரம். அவ்வளவு சாதுவான சொல்! ஆனால் இதே சொல்லைக் கேட்டாலே பயந்த மனிதர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். அவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள்.

இந்தச் சொல்லுக்கும் தண்ணீருக்கும் ஆரம்பத்தில் சம்பந்தமே இல்லை. பழைய டச்சு, வட ஜெர்மானிய மொழிகளில் இதற்கு ஆவி என்று பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் நீராவிக்கு 'டாம்ஃப்' என்றுதான் பெயர். ஆங்கிலத்துக்கு வந்தபோது அது நச்சு ஆவியைக் குறித்தது. பிறகு மூடுபனியையும் குறித்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஈரம் என்ற பொருள் நிலைத்தது.

மேலே ஊர்க்காரர்கள் புதுப் பொருளுக்கு மாறினாலும், பூமிக்கு அடியில் பழைய பொருள் அப்படியே இருந்தது. சுரங்கத்தில் ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு 'டேம்ப்' உண்டு. தீப்பிடித்து வெடிக்கும் மீத்தேன், 'ஃபயர்-டேம்ப்'. பிராணவாயு குறைந்து, கரியமில வாயுவும் நைட்ரஜனும் மிகுந்த காற்று, 'பிளாக்-டேம்ப்'. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, 'ஸ்டிங்க்-டேம்ப்'. கார்பன் மோனாக்சைடு, 'ஒயிட்-டேம்ப்'. வெடிவிபத்துக்குப் பிறகு மிஞ்சும் விஷக் கலவை, 'ஆஃப்டர்-டேம்ப்'. வேதியியல் படிக்காதவர்கள் உயிரைக் கொடுத்துத் தயாரித்த பட்டியல் இது.

காற்றில் மீத்தேன் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு தீப்பொறி போதும். வெளிச்சத்துக்குத் தீ வேண்டும், ஆனால் அந்தத் தீயே எமன்! 1812 மே 25 அன்று வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் ஃபயர்-டேம்ப் வெடித்து 92 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் பலர்.

அந்த விபத்துக்குப் பிறகு எழுந்த முயற்சிகளின் பலனாக, 1815இல் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி ஒரு பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை. வலை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் தீ வெளியே தாவாது. அதே சமயத்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தனியாக ஒரு விளக்கைச் செய்தார். யார் முதல் என்று பெரிய சண்டையே நடந்தது. டேவி தன் விளக்குக்குக் காப்புரிமை வாங்கவில்லை. சுடரின் மேல் நீல நிறம் தெரிந்தால் ஃபயர்-டேம்ப், சுடர் மங்கி அணைந்தால் பிளாக்-டேம்ப் என்று விளக்கே எச்சரிக்கவும் செய்தது.

இத்தோடு சாவு நின்றதா என்றால், இல்லை. விளக்கு வந்த தைரியத்தில், முன்பு ஆபத்து என்று ஒதுக்கிய ஆழமான இடங்களிலும் ஆட்களை இறக்கினார்கள். விபத்துகள் தொடர்ந்தன. 1896இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஓர் உண்மையைக் காட்டினார்: வெடிவிபத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வெடிப்பில் சாகவில்லை, பிறகு பரவிய ஆஃப்டர்-டேம்பில் இருந்த கார்பன் மோனாக்சைடில்தான் செத்தார்கள். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே மனிதனை விடச் சீக்கிரம் மயங்கும் சிறு பிராணிகளைக் கொண்டுபோகச் சொன்னார். இப்படித்தான் கேனரிக் குருவி சுரங்கத்துக்குள் வந்தது. 1986இல் அதன் இடத்தை மின்னணுக் கருவிகள் பிடித்தன. 2015 டிசம்பரில் பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லியும் மூடப்பட்டது.

வணிகப் பத்திரிகைகளில் விலையேற்றம் தேவையை 'டேம்ப்பன்' செய்தது என்று எழுதுகிறார்கள் அல்லவா? அங்கே சந்தை நனைந்துவிடவில்லை. மூச்சுத் திணறச் செய்வது, அடக்குவது என்ற பழைய வினைப்பொருளின் மிச்சம்தான் அது. சுரங்கங்கள் போய்விட்டன. அவற்றில் மூச்சடைத்து இறந்தவர்களின் பெயர்களும் பெரும்பாலும் மறந்துபோயின. அவர்களின் பயம் மட்டும் ஒரு சின்னச் சொல்லுக்குள் இன்னும் ஒளிந்திருக்கிறது.