மேடேறிய சைக்கிள்: டாமல்பையஸ் மலையிலிருந்து மின்சார மோட்டார் வரை

மலைச் சைக்கிள் உருவான இடம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டம். அங்குள்ள டாமல்பையஸ் மலை 784 மீட்டர் உயரம் கொண்டது. 1896 முதல் 1930 வரை அதன் உச்சியை ஒட்டி ஒரு ரயில் ஓடியது. செங்குத்தான சரிவை 281 வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறிய அந்தப் பாதை, தண்டவாளம் அகற்றப்பட்ட பிறகு மண்சாலையாக நிலைத்தது. காட்டுத்தீயை அணைக்கச் செல்லும் வண்டிகளுக்காகவும் அக்கம்பக்கக் குன்றுகளில் மண்சாலைகள் வெட்டப்பட்டிருந்தன. 1970களில் அப்பகுதி இளைஞர்கள் பழைய சைக்கிள்களை இறக்கி விளையாடியது இந்தச் சாலைகளில்தான்.

அவர்கள் தேடிப் பிடித்தவை பெரும்பாலும் 1930களிலும் 40களிலும் வந்த ஷ்வின் நிறுவனச் சைக்கிள்கள். 1933இல் அந்நிறுவனம் அமெரிக்காவில் பரப்பிய தடித்த பலூன் டயர், கல்லிலும் பள்ளத்திலும் தாக்குப்பிடித்தது. ஆனால் வண்டியின் எடை 20 கிலோவுக்கு மேல், கியர் கிடையாது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் ஒன்றுதான். ‘கிளங்கர்’ என்ற அதன் பட்டப்பெயரைத் தமிழில் ‘ஓட்டை வண்டி’ எனலாம். இறக்கத்தில் அது பறக்கும். மேட்டில் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அல்லது சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண்சாலையில் முதல் இறக்கப் போட்டி நடந்தது. ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறங்கும் பாதை அது. கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் ஹப் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி ஓட்ட வேண்டுமானால் புதிய கிரீஸை அடைக்க வேண்டும். ‘மீண்டும் அடைத்தல்’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே அந்தச் சாலைக்குப் பெயராகிவிட்டது. போட்டிகளை நடத்தி நேரக் கணக்கு வைத்தவர் சார்லி கெல்லி. மிகக் குறைந்த நேரம் 4 நிமிடம் 22 விநாடி. அதை எட்டியவர் கேரி ஃபிஷர்.

இறங்குவதற்குப் பாதை கிடைத்தது. ஏறுவதற்கு வழி வேண்டியிருந்தது. 1974 டிசம்பரில் மரின் மாவட்டத்தின் மில் வேலியில் நடந்த ஒரு சைக்கிள் போட்டிக்குக் குப்பர்டினோ நகரிலிருந்து வந்த சிலர், தடித்த டயர் வண்டிகளில் பல பல்சக்கரக் கியர் பொருத்தியிருந்தார்கள். மரின் இளைஞர்களின் வண்டிகளிலும் விரைவில் கியர் ஏறியது. பழைய வண்டிகளின் உடற்சட்டங்கள் மலைப்பாதையின் அடியைத் தாங்காமல் உடைந்ததால், ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே புதிய சட்டம் ஒன்றைச் செய்தார். அவருடைய முதல் வண்டி இன்று அமெரிக்க வரலாற்றுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979இல் டாம் ரிச்சி செய்த சட்டங்களைக் கொண்டு ஃபிஷரும் கெல்லியும் கடை தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ 15 கியர்களோடு பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது. முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் 1989இல் வந்தது. 1990இல் கொலராடோவின் துராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன் போட்டியும், 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் போட்டியும் நடந்தன.

கியர் வந்ததும் மலைக்கு வரும் சைக்கிள்கள் பெருகின. நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் பழகிப்போன ஒற்றையடிப்பாதைகளில் உரசல் தொடங்கியது. டாமல்பையஸ் பகுதியில் பெரும்பாலான ஒற்றையடிப்பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. மண்சாலைகளில் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர், என்ற வேக வரம்பு வந்தது. இயற்கை மாறாது காக்கப்படும் வனப்பகுதிகளில் சைக்கிளுக்கு இடமில்லை என்பதை 1984இல் அமெரிக்க வனத்துறை விதியாகவே தெளிவுபடுத்தியது. பாதைகளைத் திறந்து வைக்கப் பாடுபடும் பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம் 1988இல் உருவானது.

மோட்டார் வேறு திசையிலிருந்து வந்தது. மின்சாரச் சைக்கிளுக்கு 1895இலேயே ஓக்டன் போல்டன் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். அவருடைய மோட்டார் பின்சக்கரத்துக்குள் இருந்தது. கால் மிதிக்கும் வலுவை உணர்ந்து அதற்கேற்ப உதவும் வண்டியை 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் கொண்டுவந்தது. அது கடைத்தெருவுக்குப் போய்வருவதற்கான வண்டி, மலைக்கானதல்ல. லித்தியம் பேட்டரி மலிவாகவும் இலேசாகவும் ஆன பிறகே மலை நினைப்பு வந்தது. 2010இல் ஜெர்மனியின் ஹைபைக் நிறுவனம், பாஷ் நிறுவன மோட்டாரை மிதிகட்டைகளுக்கு நடுவே பொருத்திய மலைச் சைக்கிளைக் காட்டியது. சக்கரத்தில் இருக்கும் மோட்டார் செங்குத்து ஏற்றத்தில் மெதுவாகச் சுழன்று திணறிச் சூடேறும். நடுவில் இருக்கும் மோட்டார் செயின் வழியாக இழுப்பதால், கியரைக் குறைத்து அதன் சுழற்சியைக் காத்துக்கொள்ளலாம். 1970களில் காலுக்குக் கிடைத்த அதே உதவி இப்போது மோட்டாருக்கும் கிடைத்தது.

பாதை யாருக்கு என்ற பழைய வழக்கும் கூடவே திரும்பியது. ஐரோப்பிய விதி 250 வாட் தொடர் திறனையும், மோட்டார் உதவிக்கு மணிக்கு 25 கிலோமீட்டர் வரம்பையும் வைத்தது. கலிஃபோர்னியா 2015இல் இயற்றிய சட்டம் மின்சாரச் சைக்கிள்களை மூன்று வகையாகப் பிரித்தது. மிதித்தால் மட்டும் மணிக்கு 20 மைல் வரை உதவுவது முதல் வகை. மிதிக்காமலே அதே வேகம் வரை ஓடக்கூடியது இரண்டாவது. மிதிக்கும்போது 28 மைல் வரை உதவுவது மூன்றாவது. 2019இல் அமெரிக்க உள்துறை, தன் நிலங்களில் சைக்கிள் செல்லும் இடங்களில் மின்சாரச் சைக்கிளுக்கும் வழிவிட உத்தரவிட்டது. வனத்துறையோ அதை மோட்டார் வாகனமாகவே நடத்திவருகிறது. அதே ஆண்டு கனடாவின் மோன்-சான்ட்-ஆன் மலையில் மின்சார மலைச் சைக்கிளுக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது.

குன்றுப்பாதைக்கு வண்டி தேர்ந்தெடுப்பவர் இன்று பார்க்கும் ஒவ்வொன்றிலும் இந்த வரலாறு படிந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, உள்ளூர்ப் பாதை எந்த வகை வண்டியை அனுமதிக்கிறது என்பது. அடுத்தது மோட்டாரின் இடமும் முறுக்குவிசையும். செங்குத்து ஏற்றங்களுக்கு நடுமோட்டாரே பொருத்தம்; முழுவலு வண்டிகளில் 85 நியூட்டன் மீட்டர் அளவு வழக்கமாகிவிட்டது. ரீபேக்கில் கிரீஸ் புகைந்த காரணம் இன்றும் மாறவில்லை: எடை கூடினால் பிரேக்கின் வேலையும் கூடும். ஆகவே பெரிய தட்டுகள் கொண்ட ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் அவசியம்.

பேட்டரியை ஏறும் உயரத்தை வைத்துக் கணக்கிடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1000 மீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழ 270 வாட்-மணி ஆற்றல் வேண்டும். தரையின் உராய்வும் மோட்டாரின் வெப்ப இழப்பும் அதன்மேல் சேரும். கால் தரும் பங்கு அதைக் குறைக்கும். 500 வாட்-மணி பேட்டரி பலருக்கு ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். நாள் முழுதும் மலையில் இருப்பவர்கள் 750ஐ நாடுகிறார்கள். பெரிய பேட்டரி எடையையும் கூட்டும். முழுவலு மின்சார வண்டி பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ இருக்கும். ஷ்வின் ஓட்டை வண்டியின் எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். சிறிய மோட்டாரும் சிறிய பேட்டரியும் கொண்ட வண்டிகள் இதைவிடச் சில கிலோ குறைவு. வழியில் வேலியும் படியும் தாண்டித் தூக்க வேண்டிய பாதைகளுக்கு அவை ஏற்றவை.