நடக்காத ஆட்டமும் வென்ற கிண்ணமும்

சென்ற வாரம், போயான் ஹோடாக் பயிற்றுநராக இருந்த 2014இல் ஜொகூர் டாருல் தாக்சிம் (ஜேடிதி) முதல் மலேசிய சூப்பர் லீக் காற்பந்துப் பட்டத்தை வென்றதோடு நிறுத்தியிருந்தோம். அடுத்த ஆண்டின் கதை, நடக்காமல் போன ஓர் ஆட்டத்தைச் சுற்றியது.

2015 அக்டோபர் 20. ஜொகூர் பாரு லார்க்கின் அரங்கில் ஏஎஃப்சி கிண்ண அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் நடந்திருக்க வேண்டும். குவைத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் அல் காட்சியாவிடம் ஜேடிதி 1-3 எனத் தோற்றிருந்தது. சொந்தத் திடலில் ஈடுகட்டலாம் என்று காத்திருந்த வேளையில், விளையாட்டில் அரசின் தலையீடு இருப்பதாகக் கூறி அக்டோபர் 16 அன்று ஃபிஃபா குவைத்தை இடைநீக்கம் செய்தது. குவைத் அணிகள் போட்டியிலிருந்து வெளியேற, ஜேடிதி பந்தை உதைக்காமலேயே இறுதியாட்டத்துக்குப் போனது.

அணியின் தலைமைப் பயிற்றுநர் மாரியோ கோமஸ் பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பருவத்தின் நடுவில் ஹோடாக் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் இந்த அர்ஜென்டினாக்காரர். அதற்குமுன் ஹாங்காங்கின் சவுத் சைனா அணியில் இருந்தார். அதே சவுத் சைனாவைத்தான் காலிறுதியில் ஜேடிதி வீழ்த்தியது. 2000, 2001 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஸ்பெயினின் வலென்சியா சாம்பியன்ஸ் லீக் இறுதியில் தோற்றபோது, அதன் பயிற்றுநர் எக்தர் கூப்பரின் துணைப் பயிற்றுநராக உடனிருந்தவர் அவர். இறுதியாட்டம் வரை வந்து வெறுங்கையோடு திரும்புவதன் வலி அவருக்குத் தெரியும்.

நடுவழியில் வரும் பயிற்றுநருக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் இருப்பவர்களை வைத்தே ஆட வேண்டும். அணித்தலைவர் சாஃபிக் ரஹிம், சிங்கப்பூரின் ஹாரிஸ் ஹாருன், அர்ஜென்டினாவின் லியான்ட்ரோ வெலாஸ்கெஸ் ஆகியோரோடு, பஹாவில் பிறந்த நம் எஸ். குணாளனும் அந்தப் பருவத்து ஜேடிதி ஆட்டக்காரர். ஒலிம்பிக் தகுதி பெற்ற மலேசிய அணிகளில் ஆடிய எம். சந்திரன், கோல்காவலர் ஆர். ஆறுமுகம் போன்ற இந்திய வம்சாவளி ஆட்டக்காரர்களின் வரிசையில் வந்தவர் குணாளன்.

அக்டோபர் 31. தஜிகிஸ்தானின் தலைநகர் துஷான்பேயில், பாமிர் அரங்கில் இறுதியாட்டம். எதிரணியான இஸ்திக்லோலுக்கு அது சொந்த ஊர். 23ஆவது நிமிடத்தில் வெலாஸ்கெஸ் கோலடித்தார். எஞ்சிய ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்த ஒற்றைக் கோலைத் தென்புலிகள் எனப்படும் ஜேடிதி ஆட்டக்காரர்கள் கட்டிக்காத்தனர். 1-0. 2004இல் தொடங்கிய ஏஎஃப்சி கிண்ணத்தை அதுவரை தென்கிழக்காசிய அணி எதுவும் வென்றதில்லை. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது சாஃபிக் ரஹிமுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு சூப்பர் லீக்கும் ஜொகூருக்கே.

அரையிறுதியில் அதிர்ஷ்டம் கைகொடுத்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. லார்க்கினில் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு இனி யாரிடமும் விடை இல்லை. ஆனால் துஷான்பேயில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்நிய மண்ணில், 90 நிமிடமும் ஆடித்தான் ஜொகூர் அந்தக் கிண்ணத்தை எடுத்து வந்தது. ஆடாமல் கிடைத்த இடத்துக்கான கடனை அன்றே அடைத்துவிட்டது.

அடுத்த வாரம்: லார்க்கினை விட்டு இஸ்கந்தர் புத்ரிக்கு.

(தொடரும்)