மக்மர்டோ என்ற ஒரு சொல்

ஒரு காலத்தில் விமானிக்கு வழிகாட்ட தரையில் ஏதாவது இருக்கணும். விளக்குக் கோபுரம், இல்லைன்னா வானொலி நிலையம். வேபாயிண்ட் எனப்படும் வழிப்புள்ளிக்கு அது அவசியமில்லை. ஒரு அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை, கூப்பிட ஒரு பெயர், அவ்வளவுதான். நடுக்கடலிலும் வைக்கலாம், பனிப்பாலையிலும் வைக்கலாம். டிசி-10 போன்ற விமானங்களில் இருந்த இனர்ஷியல் கருவி, தன் அசைவுகளை வைத்தே தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிட்டு, விமானத்தை அடுத்த புள்ளிக்குக் கொண்டுபோகும். எண்களைச் சரியாகக் கொடுத்தால் போதும்.

சிக்கல் என்னன்னா, மனிதர்கள் பேசிக்கொள்வது பெயரில், கருவி பறப்பது எண்ணில். இந்த இடைவெளியில் 257 பேர் இறந்த கதைதான் எரெபஸ்.

ஏர் நியூசிலாந்து நிறுவனம் 1977 முதல் ஆக்லாந்திலிருந்து அண்டார்டிகாவுக்குச் சுற்றுலா விமானம் விட்டது. அங்கே இறங்குவதில்லை, பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடும். பாதையின் தென்கோடிப் புள்ளிக்குப் பெயர் மக்மர்டோ. 1978இல் பாதையை நிறுவனத்தின் கணினியில் ஏற்றியபோது, அந்தப் புள்ளியின் தீர்க்கரேகை 166 டிகிரி 48 நிமிடத்துக்குப் பதிலாக 164 டிகிரி 48 நிமிடம் என்று பதிவாகிவிட்டது. விளைவு? 3,794 மீட்டர் உயர எரெபஸ் எரிமலைக்கு மேலே போகவேண்டிய பாதை, மேற்கே தள்ளி, தட்டையான மக்மர்டோ நீரிணை மேலே போனது. சொல்லப்போனா, தப்பான பாதைதான் பத்திரமான பாதை!

1979 நவம்பர் 9 அன்று கேப்டன் ஜிம் காலின்ஸுக்குப் பயண விளக்கம் தரப்பட்டபோது காட்டியதும் இந்தப் பழைய எண்தான். பறப்பதற்கு முந்தின இரவு அவர் வீட்டில் அட்லஸை விரித்துப் பாதையைக் கோடு போட்டுப் பார்த்ததாகக் குடும்பத்தார் பின்னர் சொன்னார்கள்.

இதற்கிடையில் வேறொரு கேப்டன், புள்ளிக்கும் மக்மர்டோ வானொலி நிலையத்துக்கும் இடையே உள்ள விலகலைக் கவனித்துச் சொல்லியிருந்தார். நவம்பர் 28 விடியுமுன் எண் 166 டிகிரி 58 நிமிடமாக மாற்றப்பட்டது. ஏதோ 2 மைல் நகர்த்துகிறோம் என்றுதான் நினைத்தோம் என்பது அந்தப் பிரிவினரின் சாட்சியம். உண்மையில் நகர்ந்தது சுமார் 27 கடல் மைல், அதாவது 50 கிலோமீட்டர். காலின்ஸிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் அச்சுத்தாளில் இருந்த எண்களை விமானிகள் அப்படியே கருவியில் ஏற்றினார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு விஷயம். அன்று மக்மர்டோவிலிருந்த அமெரிக்கத் தளத்துக்குப் போன பயணத் திட்டத்தில், அந்த ஒரு புள்ளிக்கு எண்களே இல்லை. ‘மக்மர்டோ’ என்ற சொல் மட்டும் இருந்தது. எண் இருந்திருந்தா, முந்தைய திட்டங்களோடு ஒப்பிட்டு அங்கே யாராவது கேட்டிருக்கலாம்.

நண்பகல் தாண்டி 12:50 மணியளவில், மேகத்துக்குக் கீழே சுமார் 1,500 அடியில், நீரிணை மேலே போகிறோம் என்ற நம்பிக்கையில் விமானம் எரெபஸின் சரிவில் மோதியது. வெள்ளை மேகமும் வெள்ளைச் சரிவும் ஒன்றாகக் கலந்து, கண்ணுக்கு எதிரே சமவெளி மாதிரித் தெரிந்திருக்கும். எச்சரிக்கை மணி அடித்தது மோதலுக்கு ஆறு விநாடிக்கு முன்புதான்.

1980இல் விபத்து ஆய்வாளர் ரான் சிப்பிண்டேல், இருப்பிடம் உறுதியாகாமல் கீழே இறங்கியது விமானிகளின் தவறு என்றார். 1981இல் நீதிபதி பீட்டர் மஹோன் அதைத் தலைகீழாக்கினார்: சொல்லாமல் எண்ணை மாற்றியதுதான் முதன்மைக் காரணம். அதிகாரிகள் கூடிப்பேசி மறைத்தார்கள் என்ற அவருடைய முடிவு மட்டும், அவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தரப்படவில்லை என்பதால் 1983இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் நிற்கவில்லை. குறைந்தபட்ச உயர விதி ஒன்று இருந்தது உண்மைதான். ஆனா முந்தைய விமானங்களும் தாழத்தான் பறந்தன, அது ஒன்றும் ரகசியமில்லை. அதனால் நான் மஹோன் பக்கம்தான்.

1979இல் அந்த நிறுவனம் முழுக்க அரசுக்குச் சொந்தம். அந்த வகையில் பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது 2019 நவம்பர் 28 அன்று, நாற்பதாம் நினைவு நாளில்.