பரதநாட்டிய காஸ்ட்யூமை டிசைன் பண்ணது யாரு?

போன எபிசோட்ல காஞ்சிபுரம் தறியைப் பத்திப் பேசினோம். அந்தப் பட்டு மேடை ஏறின கதை இன்னிக்கு.

பரதநாட்டிய உடைன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பைஜாமா மாதிரி கீழ்ப்பகுதி, காலை விரிச்சா முன்னாடி விரியுற விசிறி, தனியா தைச்ச மேலாக்கு. கோயில் சிற்பத்துலேர்ந்து அப்படியே இறங்கி வந்த மாதிரி இருக்கும். ஆனா இந்தத் தையலுக்கு வயசு நூறு கூட ஆகலை.

1935 டிசம்பர்ல, அடையாறு பிரம்மஞான சபை விழாவில் ருக்மிணி தேவி அருண்டேல் மேடையேறினார். அடுத்த வருஷமே கலாக்ஷேத்ரா. சிற்பங்களைப் பார்த்து அவர் யோசிச்ச உடைகளைத் தைச்சுக் கொடுத்தவர் மேடம் கஸான், இத்தாலியப் பெண். நம்ம 'பாரம்பரிய' உடையில ஒரு இத்தாலியக் கையும் இருக்கு! அப்புறம் ஆளாளுக்கு மாத்தினாங்க, அது வேற கதை.

தையல் மட்டும் போதாதுல்ல, துணி வேணும். 1937-ல் கலாக்ஷேத்ராவிலேயே நெசவுக்கூடம் ஆரம்பிச்சார் ருக்மிணி தேவி. பழைய புடவைகளோட நிறங்களையும் அகலக் கரைகளையும் திரும்ப நெய்ய வச்சார். ஏன் காஞ்சிப் பட்டு? என் கணிப்பு இது: கோர்வை. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். மூணு நாடா ஓட்டி, இழையோட இழை கோர்த்து நெய்யுறது. இதுக்குத் தறியில ரெண்டு பேர் உட்காரணும். அந்தக் கரை விசிறி மடிப்புல வந்து நின்னா, கடைசி வரிசையில இருக்கறவருக்கும் அரைமண்டி தெளிவாத் தெரியும்.

இங்கதான் எனக்கு ஒரு உறுத்தல். இந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையா ஆடினவங்க தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள். புடவையைச் சுற்றிக் கட்டித்தான் ஆடுவாங்க. அந்த மரபுல வந்த பாலசரஸ்வதி ஏழு வயசுல, 1925-ல், அரங்கேற்றம் செஞ்சது இதே காஞ்சிபுரத்துல, அம்மணாட்சி கோயில்ல. அவரோட படங்களைத் தேடிப் பாருங்க, உடம்போட இயல்பா ஒட்டி நிக்கிற புடவை. 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் தேவதாசி முறையைத் தடை பண்ணுச்சு. கோயில்ல ஆடுறதும் அதோட குற்றமாச்சு. தைச்ச உடை சபா மேடைகள்ல நிலைச்சிருச்சு.

ருக்மிணி தேவியைக் குறை சொல்லலை. துணி, நிறம், விளக்கு எல்லாத்தையும் ஒண்ணா யோசிச்ச அசல் டிசைனர் அவர்னுதான் நினைக்கிறேன். காந்தி ரோட்டுக் கடையில போய்க் கேளுங்க, 'கலாக்ஷேத்ரா பார்டர்'னு சொன்னா உடனே எடுத்துப் போடுவாங்க. அதை நெய்த ரெண்டு பேர் பெயரைக் கேட்டா, கடைக்காரர் நம்மளைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்.