ஊரின் அழகுக்குப் பணம் தருவது யார்?



தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போன சிறுவன் பூங்காவைப் பார்த்ததும், "அப்பா, இந்தப் புல்லை வெட்டுகிறவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?" என்று கேட்கிறான். சிறிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

கோலாலம்பூர் ஈயத்தால் வளர்ந்த ஊர். 1881-இல் தீயும் வெள்ளமும் அதை அழித்தன. அதன்பின் செங்கல்லும் ஓடும் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று சிலாங்கூர் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் கட்டளையிட்டார். ஊர் மீண்டும் எழுந்தது. ஆனால் மக்கள் காற்று வாங்க ஓர் இடமில்லை. 1888-இல் மாநிலக் கருவூல அதிகாரி ஆல்பிரட் வென்னிங், பொதுப் பூங்கா ஒன்று அமைக்க அரசு உதவ வேண்டுமென்று ரெசிடெண்டிடம் கேட்டார். பணம் கிடைத்தது. காட்டைத் திருத்தி, ஓடையை மறித்து ஏரி அமைத்தார்கள். 1889 மே 13-ஆம் நாள் ஆளுநர் செசில் கிளமெண்டி ஸ்மித் பூங்காவைத் திறந்து வைத்தார். 1975-இல் தாமான் தாசிக் பெர்டானா என்றும், 2011-இல் பெர்டானா தாவரவியல் பூங்கா என்றும் பெயர் பெற்றது அதுவே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வென்னிங் கேட்டார், கிடைத்தது. அவர் கருவூலத்திலேயே அமர்ந்திருந்தவர் அல்லவா?

1890-இல் கோலாலம்பூரில் சுகாதார வாரியம் தோன்றியது. தெருவைப் பெருக்குவதும் குப்பையை அகற்றுவதும் அதன் வேலை. ஆனால் அதன் அதிகாரம் பட்டணத்து எல்லையோடு நின்றுவிட்டது. தோட்டமோ தனியார் நிலம். லயத்துச் சாக்கடையும் தண்ணீர்க் குழாயும் நிர்வாகத்தின் பொறுப்பு. துரை மனம் வைத்தால் கால்வாய் சுத்தமாகும். இல்லையேல் கொசுவும் காய்ச்சலும்தான். பொதுப் பணத்தைக் கேட்க நம் பாட்டனுக்கு வழியே இருக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, பல ஊராட்சி மன்றங்கள் பணமின்றித் தத்தளித்தன. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு, இம்மன்றங்களை ஆராய அரச விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் முடிவுற்ற அறிக்கை, மன்றங்களைச் சீரமைக்கவும், மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் முறையைத் தொடரவும் பரிந்துரைத்தது. முதலாவதை அரசு ஏற்றது, இரண்டாவதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

இனி, சிறுவனின் கேள்விக்கு வருவோம். மன்றத்தின் பணம் முக்கியமாக மூன்று வழிகளில் வருகிறது: நாம் செலுத்தும் மதிப்பீட்டு வரி, உரிமக் கட்டணங்கள், அரசு மானியம். 1981-ஆம் ஆண்டுச் சட்டம், மன்றங்களின் பராமரிப்புக்காக மத்திய அரசு மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் மானியம் வழங்க வகை செய்தது. ஆகவே, பூங்காவின் புல்லை வெட்டும் கூலியில் நம் காசும் இருக்கிறது.

தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் இதை மறக்கலாகாது. சொந்த வீடானால் வரியாகவும், வாடகை வீடானால் வாடகையோடு சேர்த்தும் கொடுக்கிறோம். சாக்கடை அடைத்துக் கிடந்தாலும், பிள்ளைகளின் திடல் புதராகிக் கிடந்தாலும், நாலு வீட்டார் கையெழுத்திட்டு மன்றத்துக்கு எழுதுங்கள், நகலொன்றை வைத்துக்கொள்ளுங்கள். லயத்தில் வாழ்வோர் முதலில் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். தொழிலாளர் குடியிருப்பைப் பேணுவது முதலாளியின் கடமையென 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. செவிசாய்க்காவிட்டால் தொழிலாளர் இலாகாவை நாடுங்கள்.

வாக்குப் போட்டு மன்ற உறுப்பினரை மாற்ற நம்மால் இயலாது. அதனால்தான் கேட்கும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வென்னிங்குக்குக் கருவூலம் அருகில் இருந்தது. நமக்குத் தபாற்பெட்டி அருகில் இருக்கிறது.