100 பெரிதா, 480 பெரிதா?



எங்கள் கலந்துரையாடலில் கணினி பற்றிப் பேசிய ஒரு வாரம், ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். காலமான தம் கணவரின் பழைய கணினியில் 40 கிகாபைட் வன்தட்டு ஒன்று இருந்ததாம். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். அவற்றைப் புதிய தட்டுக்கு மாற்ற, மகன் கடையில் ஒரு யூஎஸ்பி இணைப்புக் கருவி வாங்கி வந்தார். பெட்டியில் 480 என்று போட்டிருந்தது. 40,000 மெகாபைட்டை 480ஆல் வகுத்தால் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. பத்து நிமிடம் ஆகியும் வேலை முடியவில்லை. கணினி ‘ஹேங்’ ஆகிவிட்டது என்று நினைத்து, மகன் மின்கம்பியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார். அதன்பின் அந்தப் பழைய தட்டு சுழலவே இல்லை. பாதிப் படங்கள்தான் மிஞ்சின.

“பழைய தட்டில் 100 என்று இருக்கிறது, கருவியில் 480 என்று இருக்கிறது. வேகமாகத்தானே தம்பி போயிருக்க வேண்டும்?” என்று கேட்டார்.

உண்மையில் அங்கே 100தான் பெரிது. ஒருவரிடம் 100 ரிங்கிட்டும் இன்னொருவரிடம் 480 சென்னும் இருந்தால் யார் பணக்காரர்? அதே கதைதான் இதுவும். இந்தக் குழப்பத்திற்கு நீண்ட வரலாறு உண்டு.

1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியில்தான் முதல் வன்தட்டு வந்தது. அதன் வேகத்தை எழுத்துகளில் சொன்னார்கள். வினாடிக்கு 8,800 எழுத்துகள். அதே ஆண்டில் அதே நிறுவனத்தின் வெர்னர் புக்ஹோல்ஸ் ‘பைட்’ என்ற சொல்லை உருவாக்கினார். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்ற வழக்கம், 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம் 360 கணினிகளால் நிலைபெற்றது.

1980இல் சீகேட் நிறுவனம் எஸ்டி-506 என்ற சிறிய வன்தட்டைக் கொண்டுவந்தது. அதன் வேகம் வினாடிக்கு 5 மெகாபிட். தட்டிலிருந்து படித்த தகவல் ஒவ்வொரு பிட்டாக வரிசையில் வந்ததால் பொறியாளர்கள் பிட்டில் கணக்கிட்டார்கள். எட்டால் வகுத்தால் 625 கிலோபைட். 1986இல் தரமாக்கப்பட்ட ஸ்கஸி இணைப்பில் எட்டுத் தகவல் கம்பிகள் பக்கம் பக்கமாக ஓடின. ஒரு துடிப்புக்கு ஒரு பைட் முழுதாகப் போனது. அதன் வேகம் 5 மெகாபைட். இரண்டிலும் எண் 5தான். வேகமோ எட்டு மடங்கு வேறு!

வீட்டுக் கணினிகளில் பரவிய ஐடிஇ இணைப்பில் 16 கம்பிகள். ஒரு துடிப்புக்கு இரண்டு பைட். தொடக்கத்தில் ஒரு துடிப்புக்கு 600 நானோ வினாடி ஆனது, வேகம் 3.3 மெகாபைட். துடிப்பு 120 நானோ வினாடியாகக் குறைந்தபோது 16.7 மெகாபைட். பிறகு வந்த 33, 66, 100, 133 என்ற எண்களும் மெகாபைட்டுகளே.

2000இல் யூஎஸ்பி 2.0, 2003இல் சாட்டா ஆகியவை வந்தபோது தகவல் மறுபடியும் பிட் பிட்டாக ஓடியது. பெட்டிகளிலும் பிட் திரும்பியது. பெரிய எண் விற்பனைக்கும் வசதிதானே! யூஎஸ்பியின் 480 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். சாட்டாவின் 1.5 கிகாபிட்டை மட்டும் பத்தால் வகுக்க வேண்டும். அதில் ஒவ்வொரு எட்டு பிட்டும் பத்து பிட்டாக மாற்றி அனுப்பப்படுகிறது. ஆகவே 150 மெகாபைட். குறுந்தட்டுக்கு இன்னொரு கணக்கு: ‘52 மடங்கு’ என்றால், ஒரு மடங்கு 153,600 பைட். பெருக்கினால் ஏறத்தாழ 8 மெகாபைட்.

இது எங்கோ நடந்த கதையும் அல்ல. சீகேட் 1982இலேயே சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 1980களின் பிற்பகுதியில் உலகிலேயே அதிகமாக வன்தட்டுகள் தயாரித்த இடம் சிங்கப்பூர்தான்.

இனி அந்த அம்மாவின் கணக்குக்கு வருவோம். 40,000ஐ 60ஆல் வகுத்தால் 11 நிமிடம். அதுவும் உச்ச வரம்பு. நடைமுறையில் யூஎஸ்பி 2.0 வினாடிக்கு 30 மெகாபைட் அளவில்தான் ஓடும். அப்படியானால் 22 நிமிடம். சிறு சிறு படங்களாக இருந்தால் இன்னும் நேரமாகும். மகன் கம்பியைப் பிடுங்கியபோது தட்டு ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு பழைய தட்டு இருக்கலாம். அதைப் படியெடுக்கும் முன் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் சிறிய ‘பி’ என்றால் பிட், பெரிய ‘பி’ என்றால் பைட். பிட் என்றால் எட்டால் வகுங்கள். வரும் நேரத்தை இரண்டு மடங்காக்கிக்கொண்டு பொறுமையாகக் காத்திருங்கள். போன படம் திரும்பி வராது.